விடியற்காலை 3 மணிக்கு இடி இடிக்கும் ஊரில்

அன்புடையீர்,

வணக்கம். மெஷ் ரௌட்டர்களை, அதாவது ஒன்றிலிருந்து ஒன்று லைனை வாங்கி வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகளை, வீடு வீடாக வாடகைக்குக் கொடுத்துவிட்டு, எங்கோ உட்கார்ந்து அவற்றுக்கு அப்டேட் அனுப்பும் இணையச் சேவை நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவினருக்கு, அப்டேட்டின் நடுவில் கரண்டு போனால் பெட்டி என்ன ஆகிறது என்பது பற்றி இந்த மடல். சைபர்ஜெயாவில் இருக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் இதைப் படித்தால் நல்லது. கடைசியில் அவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் ரௌட்டர் செய்வதில்லை. ஆனால் ஒரு போர்டைச் சூட்டில் போட்டு, குளிரில் போட்டு, ஆட்டி, கரண்டை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க விடுவோம். அந்தப் பழக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறையில் இருக்கிறார். நீளமான தரை வீடு. முன்னால் கூடம், நடுவில் மாடிப்படி, பின்னால் ஒட்டுப்போட்டுக் கட்டிய சமையல்கட்டு. அண்ணன் குடும்பமும் அங்கேதான். கூடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, படிக்குக் கீழே ஒன்று, சமையல்கட்டில் ஒன்று என்று மூன்று மெஷ் ரௌட்டர். முன்பெட்டியிலிருந்து நடுப்பெட்டிக்கு, அங்கிருந்து பின்பெட்டிக்கு என்று லைன் கைமாறிப் போகும். தீபாவளி நெருங்கினால் அண்ணி முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்துச் செய்வார். எல்லாம் வாட்ஸ்அப்பில். சமையல்கட்டில் போன் சிக்னல் கிடைக்காது, வைஃபைதான் கதி.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் விடியற்காலை. 3 மணி தாண்டியிருக்கும். முதலில் காற்று, அப்புறம் இடி. அம்மா எழுந்துவிட்டார். எங்கள் வீட்டில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது கறுப்பு வெள்ளை டிவி காலத்துப் பழக்கம். டிவி, ஃபிரிட்ஜ், இப்போது இந்தப் பெட்டிகள். நடுப்பெட்டி அப்போது படபடவென்று நீலமாக மின்னிக்கொண்டிருந்ததாம். "அது என்னமோ கோவமா இருந்துச்சுடி, அதான் மொதல்ல அதப் புடுங்கிட்டேன்" என்று பிறகு எனக்குக் கதை சொன்னார்.

அப்டேட் அனுப்பியவர்களுக்கு அந்த நீல மின்னல் என்ன என்று தெரியும். புதிய ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் மென்பொருள், அதன் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

காலையில் முன்பெட்டி புதிய பதிப்போடு நன்றாகவே இருந்தது. நடுப்பெட்டி சிவப்பு விளக்கோடு செத்துக் கிடந்தது. பின்பெட்டியின் நிலைமைதான் பரிதாபம். அது உயிரோடு, பழைய பதிப்போடு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் நின்றது. அண்ணியின் போனில் வைஃபை முழுசாகக் காட்டியது, உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் உதவி எண்ணில் பேசிய பையன் நல்ல தமிழில், மரியாதையாக, நான்கு தடவை "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாக்கா" என்று கேட்டான். நான்காம் நாள் ஒரு டெக்னீஷியன் வந்து மூன்றையும் கழற்றிக்கொண்டு புதுசு மூன்று மாட்டிவிட்டுப் போனார். அவருக்கு அம்மா கோப்பி போட்டுக் கொடுத்து, முறுக்கும் புங்குஸ் பண்ணிக் கொடுத்தார். அவர் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உங்கள் தரப்பில் ஒருவர் போனில் சொன்னது இது: "அப்டேட் நடக்கும்போது கரண்டை நிறுத்தக் கூடாது மேடம்." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 'சுமத்ரா' என்றால் ஒரு தீவு மட்டும் இல்லை, அது ஒரு காற்றும்கூட. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நீரிணையின் மேல் இரவில் திரளும் மேகக்கூட்டம் வரிசை கட்டிக்கொண்டு தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏறும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து அடிக்கும். பலத்த காற்று, இடி, ஓரிரு மணி நேர மழை, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல வெயில். ஆக, அப்டேட்டுக்கு ஆபத்தில்லாத நேரம் என்று நீங்கள் எடுத்துவைத்திருக்கும் 3 மணி, எங்கள் அம்மாக்கள் பிளக்கைப் பிடுங்க எழும் நேரம். வெளியூர்ப் பட்டியலைப் பார்த்து யாரோ வைத்த நேரம் அது என்று எனக்குப் படுகிறது. போகட்டும், இங்கே அந்த நேரத்தில் யார்தான் தூங்குகிறார்கள்? பாயான் லெப்பாசில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் சஹூர் சமையலுக்கு எழுந்துவிடுவார்.

நேரத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த நேரம் வைத்தாலும் யாராவது பிளக்கைப் பிடுங்குவார்கள். பிடுங்கினாலும் பெட்டி தானே எழுந்து நிற்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

இதை வெறும் ஆத்திரத்தில் கேட்கக் கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் சந்தைக்குப் போய் பழைய ரௌட்டர்கள் ஐந்து வாங்கி வந்தேன். தரையில் விரித்த கித்தானில், துருப்பிடித்த ஸ்பேனருக்கும் பழைய செருப்புக்கும் நடுவில் கிடந்தவை. பேரம் பேசி மொத்தம் அறுபது ரிங்கிட். வீட்டுப் பின்பால்கனியில் ஒரு ஒட்டுப்பலகையில் ஐந்தையும் திருகி, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரௌட்டர் மென்பொருளை ஏற்றி, மாஸ்கிங் டேப்பில் 'முன்', 'நடு', 'பின்' என்று எழுதி ஒட்டினேன். மிச்சம் இரண்டும் சாகடிக்க. ஒவ்வொன்றின் கரண்டுக்கும் ஒரு ரிலே, அதாவது நிரலின் சொல்படி திறந்து மூடும் சுவிட்ச். எப்போது வெட்டும் என்று எனக்கே தெரியாத மாதிரி ஒரு சின்ன நிரல். நடுப்பெட்டியின் மூடியைக் கழற்றி சீரியல் கேபிள் சொருகினால், அது எழும்போது முணுமுணுப்பதெல்லாம் லேப்டாப் திரையில் வரிவரியாக ஓடும்.

பெட்டியில் ஃபர்ம்வேர் ஒரே பிரதிதான் என்றால் கதை சுருக்கம். பழையதை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதும்போது கரண்டு போனால் இரண்டும் இல்லை. பெட்டியை முதலில் எழுப்பும் சின்ன நிரலான பூட்லோடர் பிழைத்திருந்தால், கேபிள் போட்டு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் மீட்கலாம். நான் மீட்டேன். என் அம்மாவால் முடியுமா? அதனால் அது வாடிக்கையாளருக்கு வழி இல்லை, டெக்னீஷியனுக்குத்தான் வழி.

இரண்டு பிரதி வைக்க இடம் இருந்தால் விஷயம் வேறு. பழையது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைச் சும்மா கிடக்கும் பக்கத்தில் எழுதலாம். பாதியில் கரண்டு போனாலும் பழையதற்கு ஒன்றும் ஆகாது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2014இல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி ரௌட்டரிலேயே இரண்டு பிரதி உண்டு. கரண்டை மூன்று தடவை போட்டு நிறுத்தினால் மற்றப் பிரதிக்குத் தாவும். யூ-பூட் என்ற பூட்லோடரில் இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு முறை எழும்போதும் எண்ணிக்கை ஒன்று கூடும், அமைப்பு ஒழுங்காக எழுந்துவிட்டால் அதைச் சுழியாக்க வேண்டும், வைத்த வரம்பைத் தாண்டினால் மாற்று வழியில் எழும். இரவு பதினொரு மணிக்கு, வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஃபர்ம்வேரை நடுப்பெட்டியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்தது, பாதியில் நின்றது, விழுந்தது. மறுபடி எழுந்தது, அதே வரியில் நின்றது, விழுந்தது. நான்காவது தடவை திரையில் பழைய பதிப்பின் எண் வந்தது. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து "இன்னும் தூங்கலையா" என்றார். தூக்கமாவது.

ஆனால் செத்த பெட்டியை எழுப்புவது சுலபமான பாதி. உயிரோடு இருந்துகொண்டே ஊமையாகிவிட்ட பெட்டிதான் மெஷ்ஷில் உண்மையான தொல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுந்துவிட்டது, விளக்கு பச்சை, எண்ணிக்கை சுழியாகிவிட்டது. ஆனால் வைஃபை ரேடியோவை ஓட்டும் டிரைவர் நிரலில் எதுவோ மாறி, பக்கத்துப் பெட்டியைக் காணவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை அது நலம். வீட்டைப் பொறுத்தவரை லைன் இல்லை. இனி நீங்கள் அனுப்பும் எந்தக் கட்டளையும் அதற்குப் போய்ச் சேராது, ஏனென்றால் போகிற வழியே அதுதான்.

ஆகவே 'எழுந்துவிட்டேன்' என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய பதிப்பு முதலில் தற்காலிகமாகத்தான் எழ வேண்டும். பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்தேன், இணையத்துக்கு வாசலான கேட்வேயைத் தொட்டேன், உங்கள் சர்வரோடு பேசினேன், இந்த நிலையில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன் என்ற பிறகுதான் அதை நிரந்தரமாக்க வேண்டும். கெடு முடிவதற்குள் அது நடக்காவிட்டால், யார் சொல்லுக்கும் காத்திராமல் பழையதற்குத் திரும்பிவிட வேண்டும். அர்ஜென்டினாவின் ஆல்டர்முண்டி குழு கிராமத்து மெஷ்களுக்கென்று உருவாக்கிய லிப்ரரௌட்டரில் 'சேஃப்-அப்கிரேட்' என்று ஒரு கருவி இதைத்தான் செய்கிறது: சோதனையாக எழுப்பு, உறுதிசெய்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திரும்பு. மலையடிவாரத்தில் கம்பத்தின் மேல் இருக்கும் பெட்டிக்கு ஏணி வைத்து ஏறுகிறவர்களுக்கு இந்த அருமை தெரிந்திருக்கிறது.

திரும்பி வருவதிலும் ஒரு குழி இருக்கிறது. என் பலகையில் இரண்டாவது வாரம் நானே அதில் விழுந்தேன். புதிய பதிப்பு எழுந்த கையோடு பழைய அமைப்புக் கோப்பை (செட்டிங்ஸ் இருக்கும் கோப்பு) தன் வசதிக்கு மாற்றி எழுதிவிட்டது. பிறகு தோற்று, ஒழுங்காகப் பழைய பதிப்புக்குத் திரும்பியது. பழையதற்கோ அந்தப் புதிய எழுத்து படிக்கத் தெரியவில்லை. ரோல்பேக் வெற்றி, வீட்டில் லைன் இல்லை! 2021இல் ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 வந்தபோது பல ரௌட்டர்களில் சுவிட்ச் போர்ட்டுகளை, அதாவது கேபிள் சொருகும் துளைகளை, அமைப்புக் கோப்பில் எழுதும் முறையே மாறிப்போனது. பழைய அமைப்பு புதியதற்குப் பொருந்தாது என்று சொல்லி, அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டு ஏறுவதை அது மறுத்துவிடும். எரிச்சலாக இருந்தது, ஆனால் நேர்மையான மறுப்பு. இரண்டு பிரதிக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு வையுங்கள். பழையதன் கோப்பில் புதியதைக் கைவைக்க விடாதீர்கள்.

அடுத்து வரிசை. எங்கள் வீட்டில் முன்பெட்டி முதலில், நடு இரண்டாவது, பின் கடைசி என்று அப்டேட் போயிருக்கிறது. தலைகீழ். கோடியில் இருப்பது முதலில் மாற வேண்டும், வாசலில் இருப்பது கடைசியில். கோடிப்பெட்டி தோற்றால் சமையல்கட்டோடு போயிற்று. நடுப்பெட்டி தோற்றால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் போயிற்று. அதோடு, கோப்பு மூன்று பெட்டிக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்து, அது அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் முதல் பெட்டி கைவைக்க வேண்டும். நடுப்பெட்டி ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பின்பெட்டி பாதி டவுன்லோடில் தொங்கக் கூடாது.

கோடியிலிருந்து தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பேட்மேன்-அட்வான்ஸ்டு பற்றிப் படிக்கும்வரை. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பெர்லினின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வைஃபை வலை ஆர்வலர்களிடம் பிறந்து 2011இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே போன மெஷ் நெறிமுறை. 2014இல் அதன் பொருத்த எண் 14லிருந்து 15 ஆனது. 14 பேசும் பெட்டியும் 15 பேசும் பெட்டியும் ஒரே மேசையில் இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இப்போது நான் மேலே சொன்ன பாதுகாப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். கோடிப்பெட்டி 15க்கு மாறுகிறது. பக்கத்தில் எல்லோரும் 14. யாரையும் காணோம் என்று கெடு முடிந்ததும் பழையதற்குத் திரும்புகிறது. மறுநாளும் அதே. எந்தப் பெட்டியும் சாகாது, எந்தப் பெட்டியும் மாறாது. என் பால்கனியில் மூன்று பெட்டியும் விடிய விடிய இப்படிக் கண்ணாமூச்சி ஆடியதைப் பார்த்தேன். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் நடந்துகொண்டது.

இதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரைஃபுங்க் குழுக்கள் பயன்படுத்தும் க்ளூவான் என்ற ஃபர்ம்வேர் கட்டமைப்பில், எல்லாப் பெட்டியும் குறித்த ஒரே நேரத்தில் புது வலைக்குத் தாவும்படி வைக்கலாம். அந்த நேரத்தைத் தவறவிட்ட பெட்டி, இத்தனை நிமிடம் தனிமைப்பட்டால் தானும் தாவும். இங்கே ஒரு எச்சரிக்கை. பல ரௌட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்டு போய் வந்தால் இணையத்தைத் தொடும்வரை அதற்கு மணி தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியதன் தேதியை இன்றைய தேதி என்று வைத்துக்கொள்ளும். 'சரியாக 3 மணிக்கு' என்ற கட்டளை, இடிக்குப் பிறகு எழுந்த பெட்டிக்குப் புரியாது. அந்தத் தனிமைக் கணக்கு இல்லாமல் வெறும் கடிகாரத்தை நம்பிவிடாதீர்கள். இந்தத் தாவலையும் கரண்டை வெட்டித்தான் சோதிக்க வேண்டும்.

க்ளூவானிலிருந்து இன்னும் இரண்டு பழக்கத்தைக் கடன் வாங்கலாம். புதிய பதிப்பை எத்தனை நாளில் பரப்புவது என்று குறிப்பிட்டால், பெட்டிகள் முதலில் ஒன்றிரண்டாக, நாள் போகப்போகக் கூடுதலாக அதை எடுத்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு தவறினாலே நிறுத்திவிடலாம். இரண்டாவது, ஒருவர் கையொப்பம் மட்டும் போதாது, குறித்த எண்ணிக்கையில் பலர் கையொப்பமிட்டால்தான் பெட்டி நம்பும் என்று வைக்கலாம். நம் ஊர்க் கோயில் கமிட்டியில் செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுபோல.

பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, அதனால் திரும்ப விட மாட்டோம் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலை. ஆனால் கதவை எப்போது பூட்டுவது என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டு போனில் புதிய பதிப்பு ஒழுங்காக எழுந்தது என்று உறுதியான பிறகுதான் பழையதற்குத் திரும்ப முடியாதபடி, ஏற்கப்படும் குறைந்தபட்சப் பதிப்பு எண்ணை ஏற்றுகிறார்கள். நீங்களும் அதற்குப் பிறகு பூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது.

அப்டேட்டே வேண்டாம் என்று எழுதுகிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற கிருமி உலகெங்கும் 5 லட்சம் ரௌட்டர்களில் புகுந்த கதை உங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் 6 லட்சத்துக்கும் அதிகமான ரௌட்டர்களை யாரோ தூரத்திலிருந்தே சாகடித்தார்கள். பெட்டியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஓட்டையை அடைக்க அப்டேட் வேண்டும். ஆனால் எங்கள் தாமானில், அதாவது அம்மாவின் குடியிருப்பில், என்ன நடந்தது தெரியுமா? அண்ணியின் கதை பரவி, சொந்தமாகப் பெட்டி வாங்கி வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திக் கொடுத்தது அண்ணன்தான். நான் போய்ப் பேசியும் மூவர் கேட்கவில்லை. "லைன் நல்லாத்தானே இருக்கு, ஏன் நோண்டணும்" என்கிறார்கள். அந்த மூன்று வீட்டிலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது.

இனி ஆணையத்தாருக்கு. ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் உங்கள் லேபிள் இருக்கிறது, சிரிம் என்ற தரச்சான்று நிறுவனம் சான்று தந்தது. அந்தச் சான்றுக்குக் கேட்கும் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: அப்டேட்டின் எந்தக் கட்டத்தில் கரண்டை நிறுத்தினாலும் பெட்டி மனிதக் கை படாமல் வேலை செய்யும் ஒரு பதிப்புக்குத் திரும்ப வேண்டும், மெஷ் என்றால் மூன்று பெட்டிச் சங்கிலியில் நடுப்பெட்டியை வைத்துக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஏப்ரலிலிருந்து இணையப் பாதுகாப்பு முத்திரை இல்லாத வைஃபை ரௌட்டரை விற்க முடியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். பெட்டியின் மென்பொருளைப் பற்றி அரசு கேட்பது ஒன்றும் புதிதில்லை.

நிறுவனத்தாரே, சோதனைக்கூடம் கட்டச் செலவாகும் என்று சொல்லாதீர்கள். என்னுடையது ஒட்டுப்பலகையோடு சேர்த்து இருநூறு ரிங்கிட்டைத் தாண்டவில்லை. அடுத்த அப்டேட்டை அனுப்புவதற்கு முன் உங்கள் பெட்டி மூன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். அம்மாவையும் பிறையிலிருந்து வரச் சொல்கிறேன். எழுதத் தொடங்கியதும் எனக்குச் சொல்ல வேண்டாம். எந்த விளக்கு எப்படி மின்னினால் எந்தப் பிளக்கை முதலில் பிடுங்குவது என்பதை அவரே முடிவுசெய்துகொள்வார்.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவு ஊழியர் ஒருத்தி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு